ஆற்றில் முங்கித் தேட வருகிறீர்களா? கரையிலிருந்து தொடங்குங்கள்

கொங்குப் பக்கம் தண்ணீர் காவு வாங்காத மாதமே கிடையாது. சித்திரை, வைகாசியில் லீவுக்கு வந்த பிள்ளைகள் தோட்டத்துக் கிணற்றிலும் கல்குவாரிக் குட்டையிலும் போகிறார்கள். ஆடியில் பவானி கூடுதுறை, கொடுமுடி என்று காவிரிக்கரை நெடுகக் கூட்டம். ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டால் அதன் 200 கிலோமீட்டர் கரையும் பயம்தான். ஒவ்வொரு தடவையும் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்கு முன்பே உள்ளூர் ஆட்கள் நாலு பேர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருப்பார்கள்: மீன் பிடிக்கிறவர், பரிசல் ஓட்டுகிறவர், தறிப்பட்டறையில் ஷிஃப்ட் முடித்து வந்த பையன். அந்த நாலு பேரோடு சேர நினைக்கிற புது ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் முக்கால்வாசி கரையில்தான் நடக்கிறது. விசாரிப்பது, இடத்தைக் குறிப்பது, ஷட்டரை அடைக்கச் சொல்வது, கயிறு பிடிப்பது, அழுகிற குடும்பத்தைத் தண்ணீர் ஓரத்திலிருந்து நகர்த்தி உட்கார வைப்பது என்று எல்லாம் முடிந்த பிறகுதான் முங்குவது. உள்ளே இருப்பவர் இறந்துவிட்டார் என்றால் அவருக்கு இனி எந்த அவசரமும் இல்லை. அவசரம் நமக்குத்தான் இருக்கும், கரையில் நிற்கிற கூட்டம் அதை ஏற்றிவிடும். அந்த வேகத்தில் இறங்கிய ஆளையும் சேர்த்துத் தேடிய ஊர்கள் உண்டு.

உயிரா, உடலா

ஃபோன் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முழுகி எவ்வளவு நேரம் ஆச்சு என்பதுதான். கூடவே தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவாக 112 அடித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். "யாராவது அடிச்சிருப்பாங்க" என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு ஒருவருமே அடிக்காமல் விட்டுவிடுவது வாடிக்கையாக நடக்கிற ஒன்று.

சில நிமிஷம்தான் ஆகிறது, ஆள் இன்னும் மேலே தத்தளிக்கிறார் என்றால் அது காப்பாற்றுகிற வேலை. அப்போதும் நீந்திப் போய்க் கட்டிப் பிடிப்பது கடைசி வழி. கயிறு, மூங்கில் கழி, மூடி போட்ட காலி கேன், முடிச்சுப் போட்ட வேட்டி, எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். முழுகுகிறவர் உங்கள் கழுத்தைத்தான் பிடிப்பார், அது அவர் தப்பும் இல்லை. வெளியே எடுத்ததும் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுத்து, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். தண்ணீரில் போனவருக்கு முதல் தேவை காற்று. காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது, குடத்தின் மேல் கவிழ்த்துப் போட்டு உருட்டுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் இன்றைக்கும் நம் ஊரில் நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். வயிற்றில் இருக்கிற தண்ணீரும் சோறும் மேலே வந்து மூச்சுக்குழலில் போய் அடைக்கும், பொன்னான நிமிஷங்களும் போய்விடும். கண் திறந்துவிட்டார், பேசுகிறார் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே தீர வேண்டும், ஏனென்றால் நுரையீரல் கெடுவது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

நம் பக்கத்துத் தண்ணீர் பனித் தண்ணீர் இல்லை. அரை மணி நேரம் அடியில் இருந்தவர் பிழைப்பது மிக அரிது. ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் அது உடலைத் தேடுகிற வேலை என்று உங்கள் குழுவுக்குள் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். கூட்டத்திடம் அதைச் சொல்ல வேண்டாம், இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டியது டாக்டர். உங்கள் வேகம் மட்டும் மாற வேண்டும்.

வருவதற்கு முன்னால்

கிணற்றில் குதித்துக் குதித்து நீச்சல் பழகியவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். அது நல்ல அடித்தளம், ஆனால் போதாது. ஓடும் தண்ணீரில் குறுக்கே நீந்தத் தெரிய வேண்டும், துணியோடு நீந்தத் தெரிய வேண்டும், கால் எட்டாத இடத்தில் கால் மணி நேரமாவது பதறாமல் மிதக்கத் தெரிய வேண்டும். காதில் பழைய ஓட்டை, வலிப்பு, இதயக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முங்குகிற ஆசையை விட்டுவிட்டுக் கரைவேலைக்கு வாருங்கள். அதற்கும் ஆள் பற்றாக்குறைதான்.

பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நாள் சும்மா போய் நிலைய அலுவலரிடம் பெயர், ஃபோன் நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். காவல் நிலையத்திலும் அப்படியே. சம்பவம் நடக்கிற அன்றைக்கு முதன்முதலாக முகத்தைக் காட்டினால் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று விரட்டுவார்கள், அவர்கள் வேலை அது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று கலெக்டர் ஆபீஸில் பேரிடர் பிரிவில் கேளுங்கள், அந்தச் சான்றும் பிறகு உதவும்.

ஆக்சிஜன் சிலிண்டர் என்று ஊரில் சொல்கிறோமே, அந்த ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. படிக்காமல் அதைத் தொடவே கூடாது. ஆழத்தில் அந்தக் காற்றை இழுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும், இதற்கு நாலைந்து அடி ஆழமே போதும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் ஓஸ் மாட்டி வாயில் வைத்துக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம், அந்தக் காற்றில் எண்ணெய்ப் புகை கலந்திருக்கும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் புதுச்சேரி பக்கம் போய் முறையாகப் படித்துவிட்டு வாருங்கள். அந்த அடிப்படைச் சான்றும் தெளிந்த கடலில் 18 மீட்டர் வரைக்கும்தான். கலங்கிய ஆற்றில் கண் தெரியாமல் தேடுவது தனிப் படிப்பு.

டெட்டனஸ் ஊசி, மஞ்சள் காமாலைக்கான ஏ, பி இரண்டு தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள், மறைத்துச் செய்கிற வேலை இல்லை இது. முதல் வருஷம் உங்கள் வேலை கயிறு பிடிப்பது மட்டும்தான் என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கரையில் முதல் கால் மணி நேரம்

முழுகின இடம் எது? பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது, ஆனால் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான். பத்துப் பேர் பத்து இடத்தைக் காட்டுவார்கள். கூட்டமாக நிறுத்திக் கேட்டால் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் காட்டிய இடமே எல்லார் இடமாகவும் ஆகிவிடும். ஆகவே ஒவ்வொருவராகத் தனியே கூட்டிப் போய், அவர் பார்த்தபோது எங்கே நின்றாரோ அதே இடத்தில் நிற்க வைத்துக் கேளுங்கள்.

"ஏனுங்கண்ணா, நீங்க எங்க நின்னு பாத்தீங்க? அதே எடத்துல கொஞ்சம் நில்லுங்க."

"இங்கதானுங்க. அந்த மொட்டப் பாறைக்கும் எதுத்தாப்புல அரச மரம் தெரியுதில்லீங்க, அதுக்கும் நேரா கை மட்டும் தெரிஞ்சுதுங்க."

பாறையும் அரச மரமும் ஒரே நேர்கோடு. அவர் நின்ற இடத்தில் ஒரு கழி நட்டுவிடுங்கள். வேறு இடத்தில் நின்று பார்த்த இன்னொருவரிடம் இதே போல இன்னொரு கோடு வாங்குங்கள். இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே பரிசலை அனுப்பி, இரண்டு சாட்சியும் கையைக் காட்டக் காட்ட நகர்த்தி நிறுத்தி, கல் கட்டிய காலி கேன் ஒன்றைப் போட்டு மிதக்க விடுங்கள். தேடல் அந்தக் கேனிலிருந்து தொடங்கும்.

சாட்சி சின்னப் பிள்ளைகள் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். கூடக் குளித்த பசங்கள் அடி விழும் என்ற பயத்தில் வேறு இடத்தைக் காட்டுவார்கள், சில சமயம் தண்ணிப் பக்கமே போகவில்லை என்றுகூடச் சொல்வார்கள். போலீஸ்காரர், பெற்றோர் இல்லாத இடத்தில் கீழே உட்கார்ந்து, "கண்ணு, உன்ன யாரும் அடிக்க மாட்டாங்க, கடைசியா அவன எங்க பாத்த?" என்று கேளுங்கள். கழற்றிப் போட்ட செருப்பும் துணியும் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். யாரும் பார்க்கவே இல்லை, துணி மட்டும் கிடக்கிறது என்றால் தண்ணீருக்குள் போவதற்கு முன் ஊருக்குள்ளும் ஒரு சுற்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பார்ப்பது

அடுத்தது தண்ணீர். இரண்டு கழியை 10 மீட்டர் தள்ளி நட்டு, ஒரு காய்ந்த குச்சியைப் போட்டு எத்தனை நொடியில் கடக்கிறது என்று பாருங்கள். 20 நொடிக்குள் கடந்துவிட்டால் கயிறு கட்டிய ஆள்கூட அதில் முங்கக் கூடாது. பார்வைக்கு அது அமைதியான ஆறாகத்தான் தெரியும், மோசமும் அங்கேதான். கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பாருங்கள். மணல் அள்ளிய குழிகள் ஆற்றில் எங்கே இருக்கின்றன என்று மீன் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும், இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கும்போது ஒரே எட்டில் இரண்டு ஆள் ஆழம் வந்துவிடும்.

மேலே என்ன நடக்கிறது என்று கேட்காமல் இறங்கவே கூடாது. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றில் நடந்துகொண்டிருப்பது எல்லாம் மலை மேல் இருக்கிற பில்லூர் அணையின் கையில். அங்கே மழை பெய்து அணை நிரம்பினால், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும். காவிரியில் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். மின்சாரம் எடுக்கிற நேரத்தைப் பொறுத்து நீர்மட்டம் ஏறி இறங்கும். கதவணைப் பக்கம் தேடுவதாக இருந்தால் மின்வாரிய ஆட்களிடம் தாசில்தாரோ போலீஸோ பேசி, எந்திரமும் கதவும் நிற்கட்டும், அவர்கள் ஆள் ஒருவர் உங்களோடு ஃபோனில் இருக்கட்டும். கீழ்பவானி வாய்க்காலில் முழு அளவு 2,300 கன அடி. அதில் நீச்சல் வீரம் எதுவும் எடுபடாது, தண்ணீரைக் குறைக்கச் சொல்லி நீர்வளத்துறையிடம் கேட்பதுதான் வழி. கேட்டால் குறைப்பார்கள்.

இரண்டு இடங்களை எப்போதும் கொலைக்களமாகவே நினையுங்கள். ஒன்று, திறந்திருக்கிற மதகு, ஷட்டர், குழாய் வாய். ஒரு பக்கம் தண்ணீர் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருந்தால் அந்த ஓட்டை ஆளை இழுத்து அடைத்துக்கொள்ளும், நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. பக்கத்தில் போகும்வரை இழுவையே தெரியாது என்பதால் பழகின ஆட்களும் அதில் மாட்டுகிறார்கள். இரண்டாவது, கொடிவேரி மாதிரி அணைக்கட்டுகள், தடுப்பணைகளின் கீழ்ப்பக்கம். மேலிருந்து விழுகிற தண்ணீர் அடியில் போய்த் திரும்பி அணையை நோக்கியே சுழலும். அந்தச் சுழிக்குள் போன ஆளைத் திரும்பத் திரும்ப அடிக்கு இழுக்கும், நுரை நிறைந்த தண்ணீர் மிதக்கவும் விடாது. அங்கே உடல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாலும் கரையிலிருந்து கயிறும் பாதாளக் கொலுசும் (கயிற்றில் கட்டி இறக்குகிற கொக்கிக் கொத்து) மட்டும்தான்.

அமராவதி அணையிலும் மோயாற்றிலும் முதலை உண்டு, வனத்துறையைக் கேட்காமல் அங்கே கால் வைக்க வேண்டாம்.

உடல் எங்கே போகும்

நிற்கிற தண்ணீரில், அதாவது குளம், குவாரி, கிணறு, அணையில், முழுகின இடத்துக்கு நேர் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். மூச்சுக்காற்று போனதும் உடல் அடிக்கு இறங்கிவிடும். ஓடும் ஆற்றிலும் நாம் பயப்படுகிற அளவுக்குத் தூரம் போய்விடாது, ஏனென்றால் அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிட மெதுவாக ஓடும், உடல் தரையில் உரசி எங்கேயாவது தட்டி நின்றுவிடும். வெள்ளம் என்றால் மட்டும் இந்தக் கணக்குத் தப்பும். ஆகவே முதல் நாள் கேனைச் சுற்றியும், அதற்குக் கீழ்ப்பக்கம் வருகிற முதல் பள்ளத்திலும் தேடுங்கள். அதற்கப்புறம் பாறை இடுக்கு, பாலத் தூண், கரையில் சாய்ந்த மரத்தின் வேர், ஆகாயத்தாமரை ஒதுங்குகிற மூலை, ஆறு வளைகிற இடத்தில் தண்ணீர் திரும்பிச் சுற்றுகிற ஓரம்.

அழுகும்போது உள்ளே வாயு சேர்ந்து உடல் மேலே வரும். நம் ஊர் வெயிலில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், ஆழமான குவாரியின் குளிர்ந்த அடித்தண்ணீரில் தாமதமாகும், எதிலாவது சிக்கியிருந்தால் வராமலே போகலாம். இரண்டாம் நாள் காலையிலிருந்து பாலத்துக்குப் பாலம் ஒரு ஆளை நிறுத்திப் பார்க்கச் சொல்வது பத்துப் பேர் முங்குவதைவிடப் பலன் தரும். கல்யாண வீடியோ எடுக்கிற ட்ரோன் யாரிடமாவது இருந்தால் அதையும் கூப்பிடுங்கள்.

முங்குவது

குறைந்தது நாலு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் கயிற்றில், ஒருவர் இறங்கத் தயாராக, ஒருவர் எல்லாவற்றையும் பார்த்து முடிவு சொல்ல. மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் நாலாவது ஆள் வரும்வரை காத்திருங்கள். கயிறு இடுப்பில் இறுக்கிய முடிச்சாக இருக்கக் கூடாது, மணிக்கட்டில் கட்டவே கூடாது. மார்புப் பட்டையில், ஒரே இழுப்பில் கழன்று விடுகிற கொக்கியில் மாட்ட வேண்டும். கையெட்டும் இடத்தில் கத்தி இருக்கட்டும், ஏனென்றால் அடியில் பழைய மீன் வலையும் நைலான் நூலும் நிறையக் கிடக்கும்.

கயிற்றுப் பேச்சைக் கரையில் வைத்தே பழகுங்கள். ஒரு இழுப்பு, நன்றாக இருக்கிறேன். இரண்டு, கயிறு விடு. மூன்று, கிடைத்தது. நாலு, உடனே என்னை இழு. வேறு குழுவில் வேறு கணக்கு இருக்கும், எது என்பது முக்கியமில்லை, அன்றைக்கு இருக்கிற எல்லாருக்கும் ஒரே கணக்காக இருக்க வேண்டும். கயிறு பிடிக்கிறவர் ஃபோனை எடுக்கக் கூடாது, யாருடனும் பேசக் கூடாது, கயிறு தொய்யவும் கூடாது. உள்ளே இருப்பவருக்கு வெளியுலகமே அவர் கைதான்.

தேடுகிற முறை இப்படி. கயிறு பிடிப்பவர் ஒரே இடத்தில் நிற்க, உள்ளே இருப்பவர் கயிற்றை விறைப்பாக வைத்துக்கொண்டு அரைவட்டமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தடவிக்கொண்டே போக வேண்டும். முடிந்ததும் இரண்டடி கயிறு விட்டு, திரும்ப வர வேண்டும். ஒரு வீச்சும் அடுத்த வீச்சும் கொஞ்சம் ஏறிப் படிய வேண்டும், இடைவெளி விழுந்தால் அந்த இடைவெளியில்தான் இருக்கும். தேடி முடித்த பகுதிக்கு அடையாளம் போடுங்கள். ஆடிமாதச் செந்தண்ணீரில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், எல்லாம் கை சொல்வதுதான். தலைமுடி கைக்குப் பாசி போலத்தான் படும், ஆகவே பாசி என்று தோன்றினாலும் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு நகருங்கள். இதற்குப் பழக, கண்ணைக் கட்டிக்கொண்டு தெரிந்த குளத்தில் சாக்கு மூட்டையைப் போட்டுத் தேடுங்கள்.

வெறும் மூச்சில் முங்குகிறவர்கள் இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுகிற வழக்கத்தை விட வேண்டும். அப்படிச் செய்தால் உடலில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டுகிறது என்ற எச்சரிக்கையே வராமல் உள்ளேயே மயக்கம் போட்டுவிடும். நன்றாக முங்கத் தெரிந்தவர்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். உள்ளே இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் மேலே ஓய்வு எடுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிடும், காது வலித்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், செவிப்பறை கிழிந்தால் மேல் எது கீழ் எது என்றே தெரியாது. சளி பிடித்திருக்கிற அன்றைக்கு முங்கக் கூடாது. இருட்டிய பிறகும் கூடாது.

குடித்துவிட்டு இறங்குவது பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்றமும் பயமும் தாங்காது என்று ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு இறங்குகிற பழக்கம் இந்த வேலையில் பல இடங்களில் உண்டு, கூட்டத்தில் யாராவது வாங்கிக் கொடுக்கவும் செய்வார்கள். குடித்தவர் கரையில் கயிறு பிடிக்கக்கூட வேண்டாம், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

கிணறு

நம் பக்கத்துக் கிணறுகள் பாறையைக் குடைந்து 60, 80 அடிக்கு மேல் இறங்குபவை. முதல் வேலை மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவது. தண்ணீரில் கரண்ட் கசிந்துதான் முதல் ஆளே போயிருக்கலாம். இரண்டாவது விஷவாயு. பயன்படுத்தாத, மூடிக் கிடந்த கிணற்றில் காற்றில் ஆக்சிஜன் இல்லாமலே போயிருக்கலாம். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம், அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரிதான், ஆனால் எரிகிறது என்பதற்காக எல்லா வாயுவும் இல்லை என்று ஆகிவிடாது. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க அண்ணன், அண்ணனைத் தூக்கப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று வரிசையாகப் போகிற கிணற்றுச் சாவுகள் இப்படித்தான். மூச்சுக்கருவியோடு தீயணைப்பு வீரர்கள் வரட்டும். கரண்ட் கசிவு இல்லை என்று மின்வாரிய ஆள் உறுதி சொன்னால், வேறு மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிடலாம். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கிடைத்த பிறகு

மூன்று இழுப்பு இழுத்துவிட்டு அங்கேயே ஒரு நிமிஷம் நில்லுங்கள். மணிக்கட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், ஊறிய தோல் கையோடு வந்துவிடும். அக்குளுக்கடியில் பட்டை போட்டு, துணியைப் பிடித்து, மெதுவாகக் கொண்டு வாருங்கள். தண்ணீரில் இருக்கும்போதே தார்ப்பாயை அடியில் விரித்து அதோடு தூக்குங்கள். கரையில் ஏற்கெனவே வேட்டியோ பெட்ஷீட்டோ பிடித்து மறைப்பு நின்றிருக்க வேண்டும். பெண் என்றால் பெண் போலீஸ் வரும்வரை மறைப்பை எடுக்கவே வேண்டாம்.

இது இயற்கைக்கு மாறான மரணம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194ஆவது பிரிவின்படி (முன்பு சிஆர்பிசி 174) போலீஸ் விசாரணை உண்டு. ஆகவே நகை, செல்ஃபோன், பையில் இருக்கிற காகிதம் எதையும் தொடாதீர்கள், கையில் புல்லோ துணியோ பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள். கிடைத்த இடம், ஆழம், நேரம், உடல் கிடந்த விதம் இவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சொல்ல வேண்டும். கல்யாணமாகி 7 வருஷம் ஆகாத பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் வரும். வீடியோ எடுக்கிறவர்களை விரட்டுங்கள், உங்கள் குழுவில் ஒருவர் எடுத்தால் அவரை மறுபடி கூப்பிடாதீர்கள். குடும்பத்திடம் காசு வாங்கக் கூடாது. ஆனால் பரிசல்காரருக்கு அன்றைய கூலி போய்விட்டது, அதைக் குழுவிலோ ஊர்ப் பொதுவிலோ சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

குடும்பத்தோடு பேச ஒரே ஒரு ஆளை வையுங்கள், முங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. "அம்மா, தேடிட்டிருக்கறோமுங்க. நீங்க அந்த நெழல்ல உக்காருங்க, ஏதா இருந்தாலும் நானே வந்து சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு, அதே மாதிரி அரை மணிக்கு ஒரு தடவை போய்ச் சொல்ல வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். சாயங்காலத்துக்குள் எடுத்துடறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கற்பூரம் ஏற்றிக் காவேரித் தாயை வேண்டுவார்கள், குறி கேட்டுவிட்டு வந்து வேறு இடத்தைக் காட்டுவார்கள். மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், பாதுகாப்பான இடம் என்றால் அங்கேயும் ஒரு தடவை தேடுங்கள், நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

போதும் என்று சொல்வது

2005 ஜனவரி 8ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் ஒரு நீர்க்குகையில் நடந்ததைப் புது ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 1994இல் இறந்த டியோன் டிரையர் என்ற இளைஞரின் உடலை எடுக்க டேவ் ஷா 270 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார். உலகத்திலேயே அந்த ஆழத்தைத் தொட்ட ஆட்கள் மிகச் சிலர், அதில் அவர் ஒருவர். உடல் எலும்பாகத் தரையில் கிடக்கும் என்று நினைத்துத் திட்டம் போட்டிருந்தார்கள், ஆனால் அது விடுபட்டு மிதக்கத் தொடங்கியது, அவர் விளக்கின் வயர் கயிற்றில் சிக்கியது, அதோடு மல்லுக்கட்டியதில் மூச்சு வாங்கிக் கரியமில வாயு ஏறி அங்கேயே இறந்தார். சில நாள் கழித்துக் கயிறுகளை இழுத்தபோது இரண்டு உடலும் சேர்ந்து மேலே வந்தன. திட்டம் போட்டபடி இல்லை என்று தெரிந்த அந்த நொடியில் திரும்பிவிடுவதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பழக வேண்டும்.

காத்திருந்தால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2024 ஜூலை 16ஆம் தேதி கர்நாடகத்தில் ஷிரூர் மலைச்சரிவில் கேரள லாரி ஒன்று கங்காவளி ஆற்றுக்குள் போனது. உடுப்பிப் பக்கத்து ஈஸ்வர் மல்பே, தன்னார்வமாக முங்கி எடுக்கிறவர், அங்கே தேடினார், கடற்படையும் தேடியது, ஆற்றின் வேகத்தில் முடியவில்லை. நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் இறங்கிய பிறகு தூர்வாரும் கப்பலைக் கொண்டுவந்து செப்டம்பர் 25ஆம் தேதி லாரியை, உள்ளே இருந்த ஓட்டுநரோடு எடுத்தார்கள். குடும்பம் அந்த இரண்டு மாதத்துக்கு மேல் எப்படிக் கழித்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் ஜூலையில் இன்னும் இரண்டு பேர் ஆற்றோடு போயிருந்தால் அது யாருக்கும் ஆறுதலாக இருந்திருக்காது.

உங்கள் குழுவில் யார் "போதும், இன்றைக்கு நிறுத்துகிறோம்" என்று சொன்னாலும், அது புதிதாக வந்த கயிற்றுக்காரப் பையனாகவே இருந்தாலும், அதோடு நிறுத்திவிட வேண்டும். காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அதற்கப்புறம்

கரையிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, துணியைத் தனிப் பையில் கட்டுங்கள். நொய்யலிலோ சாயக்கழிவு கலக்கிற எந்தத் தண்ணீரிலோ இறங்கியிருந்தால் கண், காது, காயம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் ஆற்றுத் தண்ணீரில் இருந்தேன் என்று நீங்களே சொல்லுங்கள், எலிக்காய்ச்சல் என்று அவர் சந்தேகப்பட அந்த ஒரு வரி உதவும்.

தூக்கம் கெடும். குழந்தையை எடுத்த அன்றைக்கு வீட்டில் நம் குழந்தையைத் தொடவே கை கூசும். இது எல்லாருக்கும் வருவது, பழகின ஆட்களுக்கும். அன்றைக்கு ராத்திரியே குழுவாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு நடந்ததைப் பேசிவிடுங்கள், இளைய ஆளை முதலில் பேசவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அந்த முகமே கண்ணில் நிற்கிறது என்றால் 14416க்கு அடியுங்கள், அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு இல்லை, தமிழில் பேசலாம். ஆறு மாதம் விலகி இருக்கிறேன் என்றால் யாரும் தடுக்கக் கூடாது.

பிறகு ஒரு நோட்டு போடுங்கள். எந்த இடம், எந்த மாதம், எவ்வளவு தண்ணீர், ஆழம் என்ன, உடல் எங்கே போய் நின்றது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். நாலு வருஷத்தில் உங்கள் பகுதி ஆற்றின் வரைபடம் அதில் வந்துவிடும். ஒரே இடம் இரண்டு தடவை வந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு ஊராட்சித் தலைவரிடம் போங்கள். அங்கே ஆழம் எழுதிய பலகை ஒன்று, ஒரு கம்பம், அதில் 20 மீட்டர் கயிறும் மூடி போட்ட காலி கேனும் தொங்க வேண்டும் என்று கேளுங்கள். ஜூலை 25 உலக நீரில் மூழ்கல் தடுப்பு நாள், ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்னால் வருகிறது, அதற்குள் கட்டித் தரச் சொல்லுங்கள். அவர்கள் செய்யாவிட்டால் கேனும் கயிறும் ஆயிரம் ரூபாய்கூட ஆகாது, நீங்களே கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள்.